எத்தனை அங்குலம் என்று வேதத்தில் இல்லை

அடுத்த வாரம் வியாழக்கிழமை கல்யாணம். முந்நூற்று இருபது பேர் வருகிறார்கள். வீட்டில் இன்னும் ஏழு ஜன்னல்கள் துடைக்கப்படாமல் கிடக்கின்றன. அந்த நேரம் பார்த்து இரண்டு கறுப்புத் தொப்பிகள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? சவில்லாவுக்கு நன்றாகவே வந்தது. ஏணியின் மூன்றாம் படியில் ஈரத் துணியோடு நின்றபடி, அவர்கள் வருவதைப் பாதி துடைத்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தொப்பி பிஷப் ஏலாமுடையது. கோழி வளர்ப்பவர். சீட்டு எடுத்து பிஷப்பானவர், அவராகக் கேட்டு ஆகவில்லை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாது, அதனாலேயே அவரோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. இரண்டாவது தொப்பி கிதியோனுடையது. சவில்லாவின் மகள் லவீனாவைக் கட்டப்போகும் மெல்வினின் அப்பா. ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சபையில் டீக்கன். ஒழுங்கு மீறியவர்கள் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவது அவர் வேலை. பிழைப்புக்குத் தச்சு வேலை. இன்றைக்கு அவர் கையில் மடக்குகிற அடிக்கோல் ஒன்று இருந்தது. சம்பந்தி வீட்டுக்கு வருகிறவர் ஒரு டஜன் முட்டையாவது கொண்டுவரலாம். இவர் அடிக்கோல் கொண்டுவந்திருந்தார்.

"உள்ள வரலாமா சவில்லா?" என்று ஏலாம் கேட்டார்.

"வந்துட்டீங்களே," என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கினாள்.

அடிக்கோல் எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அமெரிக்காவின் லேன்காஸ்டர் பக்கத்தில், காரும் மின்சாரமும் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். அவள் புருஷன் பெனுவேல் பதினோரு மாதமாகச் சபை விலக்கில் இருந்தான். விலக்கில் இருப்பவனோடு சபை அங்கத்தினர் யாரும் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. பெண்டாட்டியும் கூடாது. ஞானஸ்நானம் வாங்கிவிட்ட மகளும் கூடாது. சவில்லா என்ன செய்தாள் என்றால், சலவை அறையில் கிடந்த சின்ன மேசையைத் தூக்கிவந்து சமையலறைப் பெரிய மேசையின் தலைமாட்டில் போட்டாள். இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அளவுக்கு இடைவெளி விட்டாள். மேலே ஒரே விரிப்பை இழுத்து விரித்துவிட்டாள். மேசை இரண்டு, ஆகவே சட்டம் நின்றது. விரிப்பு ஒன்று, ஆகவே குடும்பம் நின்றது. அவள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் எப்போதாவது இப்படி நடந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் விரிப்பின் பூவைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அதுதான் மரியாதை.

பெனுவேல் செய்த குற்றமும் சாப்பிட்டதுதான். அவன் தம்பி தோபியாஸ் ஆறு வருஷத்துக்கு முன்னால், கார் ஓட்டலாம், மின்சாரம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிற வேறொரு சபைக்குப் போய்விட்டான். ஞானஸ்நானம் வாங்கியபின் போனதால் விலக்கு. போன வருஷம் தோபியாஸ் தீவனக் கோபுரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். பெனுவேல் மூன்று வாரம் தினமும் போய் அவன் மாடுகளைக் கறந்து கொடுத்தான். அது வரைக்கும் சரி, உதவி செய்யலாம். மத்தியானம் தம்பியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டதுதான் வினையாகப் போயிற்று. யாரோ பார்த்தார்கள். யாரோ சொன்னார்கள்.

சபையில் கூப்பிட்டு விசாரித்தபோது பெனுவேல் 'ஆமாம், தப்பு' என்று சொல்லியிருந்தால் ஆறு வாரத்தில் முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டான். "பவுல் ஒரு பட்டியல் குடுத்திருக்கார். விபசாரக்காரன், பேராசைக்காரன், விக்கிரகம் கும்பிடுறவன், குடிகாரன், கொள்ளைக்காரன், இவனோட சாப்பிடாதேங்கிறார். இதுல எதுல என் தம்பி வர்றான்?" பதில் இல்லாத கேள்வியைக் கேட்டவன் அகங்காரி என்று முடிவாயிற்று. போதாததற்கு, "நாம படிக்கிறதெல்லாம் சரியாத்தான் படிக்கிறோம்னு ஆண்டவர் எங்க வாக்குக் குடுத்திருக்கார்?" என்றும் கேட்டு வைத்தான். அதோடு தம்பி போன வழியில் அவனும் விலக்கானான். ஒரு கிண்ணம் சாலட் குடும்பத்தையே தின்றுவிட்டது என்பாள் சவில்லா.

இப்போது கிதியோன் சமையலறையில் முழங்காலில் குனிந்து, விரிப்பைத் தூக்கி, இடைவெளியில் கோலை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணேகால் அங்குலம்," என்றார்.

"போன வாரம் ஒண்ணுதான் இருந்துச்சு," என்றாள் சவில்லா. "தரை கழுவும்போது நகர்ந்திருக்கும். ஆண்டவரே நகர்த்தியிருப்பார்."

ஏலாம் சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவிக்கொண்டார். கிதியோன் எழுந்து முழங்காலைத் தட்டினார். "எங்க சபையில நாலு அங்குலம். விரிப்பும் வேற வேற. கல்யாணத்துக்கு எங்க ஆளுங்க எண்பது பேர் வர்றாங்க. சாயங்காலப் பந்தியில பெத்தவங்க எல்லாரும் பெரிய மேசையில உட்காருவோம். அந்த மேசையோட இப்படி ஒட்டி ஒரு மேசையைப் போட்டு, ஒரே விரிப்பை விரிச்சு, பெனுவேலை உட்கார வச்சா, நாங்க சாப்பிட முடியாது. கோவிச்சுக்காதீங்க. முன்கூட்டியே சொல்றது நல்லதுன்னு வந்தேன்."

"நாலு அங்குலம்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதியில்ல. அது வழக்கம்."

"நாலு ஏன்? மூணு ஏன் இல்ல?"

கிதியோன் அந்தக் கேள்வியை மதித்து யோசித்தார். அதுதான் அவரிடம் இருந்த கஷ்டம், கெட்ட மனுஷனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். "நடுவுல ஒரு காப்பிக் கோப்பையை வச்சா அது நிக்காம கீழ விழணும். அப்பதான் அது ரெண்டு மேசை. எங்க தாத்தா காலத்துல ரெண்டரை அங்குலம்தான் இருந்துச்சு. அப்புறம் கோப்பை பெருசாயிருச்சு."

சவில்லா ஈரத் துணியைத் தொட்டியில் போட்டாள். "அப்ப ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. கல்யாணத்துக்கு வரப்போற மேசை எது? வீடு வீடா ஆராதனைக்குப் பெஞ்சு வண்டியில வர்ற சபை பெஞ்சுதானே? மூணு பெஞ்சை ஒண்ணா மாட்டித்தானே மேசையாக்குறோம்? பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல ஒரு விரல் போகும். போன மாசம் என் கரண்டி அதுல விழுந்துச்சு. அப்ப நாம எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் விலக்கி வச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷமா சாப்பிடுறோமா?"

"அது வேற."

"எப்படி வேற?"

"அது சபை பெஞ்சு."

அவளுக்கு உச்சந்தலையில் இருந்த ஜெபக் குல்லாவே சூடேறியது. ஏலாம் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. நம்ம சபையில எத்தனை அங்குலம்?"

"பிரிஞ்சிருந்தா போதும்னு இருக்கோம்," என்றார் ஏலாம்.

"பிரிஞ்சிருக்குன்னு விரிப்புக்குக் கீழ யார் பார்ப்பா?" என்றார் கிதியோன்.

"ஆண்டவர் பார்ப்பார். அவருக்கு விரிப்பு ஒரு தடையா?" சவில்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்காருங்கள் என்று அவர்களைச் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் ஜெபம் பண்ணிட்டுத்தானே இதெல்லாம் முடிவு பண்றீங்க?"

"ஜெபம் பண்ணாம செய்வோமா," என்றார் ஏலாம்.

"ஒரே வேதம்தான் படிக்கிறீங்க? ஒரே ஆவியானவர்தான் வழிகாட்டுறார்?"

"ஆமா."

"அப்ப ஓடைக்கு இந்தப் பக்கம் கட்டைவிரல்னும் அந்தப் பக்கம் நாலு அங்குலம்னும் அவர் ஏன் மாத்தி மாத்திச் சொல்றார்? அந்தக் கார்க்காரச் சபைக்குப் போய், விலக்கே வேண்டாம்னு சொல்லிட்டு வர்றாரே, அவங்களும் ஜெபம் பண்ணித்தானே கேட்டாங்க? வேதத்தைக் குடுத்தவரு, அதைச் சரியாப் படிக்கவும் வச்சிருக்கலாமே. ஒரு வரி. ஒரே ஒரு வரி. மூணு அங்குலம்னு எழுதியிருந்தா நான் பாட்டுக்கு அளந்து போட்டுட்டு ஜன்னல் துடைச்சிருப்பேன்."

ஏலாம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கோபப்படவே இல்லை. "நீ கேக்குறது நியாயம்தான். நானும் கேட்டிருக்கேன். ஆனா இப்படி யோசி. வேதத்தை நம்ம கையில குடுத்த ஆண்டவர், அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு நாசமாப் போங்கன்னு விட்டுட்டுப் போயிருப்பாரா? ஒருத்தன் தனியாப் படிச்சா தப்பு வரும். சபையா உட்கார்ந்து, தாழ்மையாப் படிச்சா, அவர் விடமாட்டார். கடைசியில சரியான இடத்துக்குக் கொண்டுவந்துருவார். அந்த நம்பிக்கையும் இல்லேன்னா நான் ஞாயித்துக்கிழமை எந்த வாயை வச்சுக்கிட்டுப் பிரசங்கம் பண்ணுவேன்?"

சவில்லாவுக்குப் பதில் இருந்தது. எந்தச் சபை என்று கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் சாமான் அறைக் கதவு திறந்து லவீனா வெளியே வந்தாள். ஊறுகாய் ஜாடிகளை எண்ணிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இருபத்தொரு வயது, அழுகிற வழக்கம் இல்லாத பெண், கண் மட்டும் சிவந்திருந்தது.

"எனக்கு நாலும் வேணாம் ஒண்ணும் வேணாம்," என்றாள். "எங்கப்பா என் கல்யாணத்துல எங்களோட உட்கார்ந்து சாப்பிடணும். சபையில கல்யாணத் தேதியைப் பொண்ணோட அப்பாதான் எழுந்து சொல்லணும், அவருக்குப் பதிலா அதையும் நீங்கதான் சொன்னீங்க ஏலாம். அவர் கதவுகிட்ட தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தார். இன்னொரு வாட்டி அதை என்னால பார்க்க முடியாது."

கிதியோன் அடிக்கோலை ஒவ்வொரு மடிப்பாக மடித்தார். கடைசியில் ஏலாம்தான் வாயைத் திறந்தார். "வழி ஒண்ணு இருக்கு. உங்களுக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை சபை கூடுது. பெனுவேல் முழங்கால் போட்டு, தம்பியோட சாப்பிட்டது பாவம்னு சொல்லட்டும். நானே கையைப் பிடிச்சுத் தூக்கி விடுறேன். வியாழக்கிழமை அளக்கவே வேண்டியிருக்காது."

அவர்கள் போனபிறகு சவில்லா ஒரு ஜன்னலும் துடைக்கவில்லை. நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

பெனுவேல் சாயங்காலக் கறவைக்காக வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். அவள் நடந்து வந்த வேகத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது அவனுக்கு. "கிதியோன் அளந்துட்டாரா?" என்றான்.

"ஒண்ணேகால்."

"பரவாயில்லையே," என்று சிரித்தான். "நான் ஒண்ணுன்னு நினைச்சேன்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "நான் கொட்டகையிலயே சாப்பிட்டுக்கிறேன் சவில்லா. கல்யாணம் கெட வேணாம். இல்லேன்னா பசங்களுக்கு ஒரு மேசை போடுவீங்கல்ல, அங்க உட்கார்ந்துக்கிறேன். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைங்களோட உட்காரலாம், அதுக்குத் தடை இல்ல."

"ஐம்பத்து நாலு வயசுல பால்பல் விழாததுங்களோட பந்தியா? பெத்த மகள் கல்யாணத்துல?"

"பிள்ளைங்க அளக்காதுங்க."

அவளுக்குப் பொறுக்கவில்லை. பதினோரு மாதமாக ஊரின் மேல் இருந்த கோபம், சபையின் மேல் இருந்த கோபம், எல்லாம் சேர்ந்து அவன் மேல் திரும்பியது. பக்கத்தில் கிடைத்தவன் அவன்தான். "நீ முழங்கால் போடு," என்றாள்.

பெனுவேல் வைக்கோல் அள்ளும் முள்கரண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான். "பாவம்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

"அது பாவம் இல்ல. உனக்கும் தெரியும்."

"தெரியும். அதனால என்ன? நீ சொல்றதுதான் சரின்னு ஆண்டவர் இறங்கி வந்து சொல்லப்போறாரா? பதினோரு மாசம் காத்திருந்தோமே, வந்தாரா? அவருக்கு நாம எப்படிப் படிச்சாலும் ஒண்ணுதான் போல. ஒருத்தர் கட்டைவிரல் வச்சுப் படிக்கிறார், ஒருத்தர் காப்பிக் கோப்பை வச்சுப் படிக்கிறார். அவர் பாட்டுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கார். நீ மட்டும் ஏன் சரியாப் படிச்சேன்னு கொடி பிடிச்சுக்கிட்டு கொட்டகையில நிக்கிற?"

"முழங்கால் போட்டுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்ற. அதுவும் அவர்கிட்ட."

"அவர்கிட்ட இல்ல, இவங்ககிட்ட. மனசுல என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாதா? வேதத்தை நாம சரியாப் படிக்கிறோமான்னு அவர் பார்க்கலைன்னாலும், உன்னை அவர் சரியாப் படிப்பார். அந்த அளவுக்காவது அவருக்கு வேலை இருக்கணுமில்ல? வாய் சொல்லட்டும், மனசு சும்மா இருக்கட்டும். ரெண்டு நிமிஷம். லவீனா அழுதா பெனுவேல். அவ எப்ப அழுதா, சொல்லு."

அவன் முள்கரண்டியை மறுபடி எடுத்தான். வைக்கோல் போடுவதைத் தொடர்ந்தான். மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. கொட்டகை வாசலில் நின்று அவள் இன்னும் கொஞ்ச நேரம் பேசினாள், சொன்னதையே சொன்னாள், கடைசியில் தனக்கே அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் முழங்கால் போட்டான்.

பிரசங்கம் முடிந்து, ஞானஸ்நானம் வாங்காதவர்கள் எல்லாரும் வெளியே அனுப்பப்பட்டபிறகு, பெனுவேல் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்து தரையில் மண்டியிட்டான். ஏலாம் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தெளிவான குரலில் 'ஆமாம்' என்றான். தம்பியோடு சாப்பிட்டது பாவம் என்று ஒப்புக்கொள்கிறாயா, ஆமாம். சபையின் ஆலோசனையை எதிர்த்தது அகங்காரம் என்று ஒப்புக்கொள்கிறாயா, ஆமாம். சவில்லா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கைகளை இறுக்கிக்கொண்டு, 'பொய், பொய், அவன் பொய் சொல்கிறான், உமக்குத் தெரியும்' என்று உள்ளுக்குள் ஒவ்வொரு ஆமாமுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாரும் சம்மதம் சொன்னார்கள். ஏலாம் அவன் கையைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் முத்தமிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரைப் பார்க்க அவளுக்குத்தான் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்ன மேசையைத் தூக்கிச் சலவை அறையில் போட்டாள். நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு நான்கு நாளும் மூச்சுவிட நேரமில்லை. செலரித் தண்டு மட்டும் இருநூறு கட்டு. கோழிகளை உரித்து, ரொட்டித் துண்டும் வெண்ணெயும் கலந்து வேகவைக்க நாற்பது தம்பதிகள் வந்து வேலை செய்தார்கள். புதன்கிழமை மத்தியானம் பெஞ்சு வண்டி வந்தது. ஆண்கள் மரத் தடுப்புச் சுவர்களைக் கழற்றி அறைகளை ஒன்றாக்கி, பெஞ்சுகளை மாட்டி மேசை போட்டார்கள். சவில்லா உருளைக்கிழங்குக் கூடையோடு கதவைத் தாண்டும்போது, உள்ளே பெனுவேல் குனிந்து நிற்பதைப் பார்த்தாள். அவன் கையில் கிதியோனின் அடிக்கோல் இருந்தது. பெரிய மேசையின் கோடியில், பிள்ளைகளுக்காகப் போட்ட மேசையைத் தள்ளித் தள்ளி வைத்து அளந்துகொண்டிருந்தான்.

அவளுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கல்யாணத்துக்குத் தோபியாஸ் வருகிறான். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, லவீனாவே கடிதம் எழுதிக் கூப்பிட்டாள். வந்தால் அவனுக்கு மேசை தனி. தனி மேசை போடுவது வீட்டுக்காரன் வேலை. வீட்டுக்காரன் இப்போது சபையில் நல்லபடியாக இருக்கிறவன்.

"நாலு இருக்கா?" என்று பக்கத்தில் நின்ற கிதியோன் கேட்டார்.

"நாலேகால்," என்றான் பெனுவேல்.

"அது போதும்."

வியாழக்கிழமை கல்யாணம் எந்தக் குறையுமில்லாமல் நடந்தது. காலையில் நீண்ட பிரசங்கம், மத்தியானம் விருந்து, பாட்டு. லவீனா நீல உடையில், மணமக்களுக்கென்று ஒதுக்கிய மூலையில் மெல்வினோடு உட்கார்ந்து, அப்பா இருக்கும் பக்கம் அடிக்கடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவும் என்று சவில்லா தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரு தடவை சொன்னால் போதவில்லை, பல தடவை சொன்னாள்.

ஐந்து மணிக்குச் சாயங்காலப் பந்தி. பெற்றோர்கள் பெரிய மேசையில் உட்கார்ந்தார்கள். கிதியோனும் அவர் மனைவியும் எதிரே, பிஷப் ஏலாம் பக்கத்தில். பெனுவேல் சவில்லாவுக்கு அடுத்து, தோளோடு தோள் இடிக்கிற மாதிரி. தோபியாஸ் லேசாக நொண்டியபடி வந்தான். பெரிய மேசையைப் பார்த்தான், கோடியில் பிள்ளைகள் மேசையைப் பார்த்தான், நடுவே இருந்த இடைவெளியையும் பார்த்தான். தச்சர் வேலை மாதிரி ஒரு சுத்தம் அதில் இருந்தது.

"யார் போட்டது இது?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

"நான்தான்," என்றான் பெனுவேல்.

தோபியாஸ் தலையசைத்தான். கோபம் எதுவும் இல்லை, கோபம் இருந்திருந்தால் சவில்லாவுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "நேரா இருக்குண்ணே. நீ எப்பவும் எதையும் கோணலாச் செய்ய மாட்டியே," என்று சொல்லிவிட்டு, ஆறு வயதுப் பெண் ஒருத்திக்குப் பக்கத்தில் பெஞ்சில் காலை மெல்ல மடக்கி உட்கார்ந்தான். அந்தப் பெண் அவனுக்கு வெண்ணெயை நகர்த்திக் கொடுத்தாள்.

எல்லாரும் தலை குனிந்து மௌனமாக ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஏலாம் சவில்லா பக்கம் சாய்ந்தார். அவர் முகம் பிள்ளை பிறந்த வீட்டு முகமாக இருந்தது. "அன்னைக்குக் கேட்டியே சவில்லா, ஆண்டவர் ஏன் நம்மளைச் சரியாப் படிக்க வைக்கலன்னு. பாரு. பதினோரு மாசம் ஆச்சு. யாரும் அவனை அடிக்கல, திட்டல. அவனாவே வேதத்தைத் திரும்பப் படிச்சு, அவனாவே வந்தான். நாம எங்கயாவது வழி தப்பிப்போனாலும் அவர் விட்டுடுறதில்ல. எனக்கே இந்த வாரம்தான் நல்லா உறைச்சுது."

அவனாவே வரவில்லை, நான் கொட்டகையில் நின்று கத்தித்தான் வந்தான், அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் நிஜமில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. இவ்வளவு நல்ல மனுஷன், ஒரு பொய்யை இத்தனை பக்தியோடு தப்பாகப் படித்துவிட்டு, அதையே ஆண்டவரின் அத்தாட்சியாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அதைக்கூட மேலிருந்து யாரும் திருத்தவில்லை. "ஆமா ஏலாம்," என்று சொல்லிவிட்டு அவருக்குக் குழம்புக் கிண்ணத்தை நகர்த்தினாள்.

பெனுவேல் தட்டில் கோழியும் ரொட்டியும் அப்படியே இருந்தன. அவள் குரலைத் தாழ்த்தினாள். "சாப்பிடு. தோபியாஸைப் பார்த்துக்கிட்டே இருக்காதே. அவனுக்குப் புரியும். வாய் சொன்னது வேற, மனசு வேறன்னு ஒரு நாள் நானே அவன்கிட்ட போய்ச் சொல்றேன்."

"சொல்லாதே," என்றான் பெனுவேல்.

"ஏன்?"

அவன் முள்கரண்டியை எடுத்து, கோழியை ஒதுக்கி, செலரியைக் கொஞ்சம் கிளறினான். அப்புறம்தான் பேசினான். "நீ சொன்ன மாதிரிதான் போனேன். வாய் மட்டும் சொல்லட்டும்னு. ஞாயித்துக்கிழமை ராத்திரி படுத்தா, முழங்கால் போட்டு அவர்கிட்ட பொய் சொன்னவன்னு தோணுது. திங்கக்கிழமையும் அதேதான். அதை வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியல சவில்லா. அதனால அந்த வசனத்தை மறுபடி எடுத்துப் படிச்சேன். ஏலாம் படிக்கிற மாதிரி படிச்சேன். அப்படிப் படிச்சா அப்படியும் வருது. அது பாவம்தான். தோபியாஸோட நான் சாப்பிட்டிருக்கக் கூடாது."

"பெனுவேல்."

"இப்ப நல்லாத் தூங்குறேன்," என்றான்.

அவன் சாப்பிட ஆரம்பித்தான். நிதானமாக, எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். தலையை ஒரு தடவைகூட அந்தக் கோடி மேசைப் பக்கம் திருப்பவில்லை. எதிரே கிதியோன் அவனுக்கு இன்னொரு துண்டு வைக்கச் சொல்லித் தன் மனைவியிடம் ஜாடை காட்டினார். மூலையிலிருந்து லவீனா மறுபடி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். பதினோரு மாதமாக யார் மேல் போடலாம் என்று சவில்லா தயாராக வைத்திருந்த கோபமெல்லாம், ஏலாம் மேல் போகவில்லை, கிதியோன் மேல் போகவில்லை, ஆண்டவர் மேலும் போகவில்லை. அவனைக் கொட்டகையிலிருந்து கூட்டிவந்தது அவள்தான்.